அடி ஏன் படுவதில்லை? லெவல் குறைந்த ஆட்களுக்கான கேள்வி பதில்

ஆரையம்பதியில் வீட்டு விறாந்தையில் கணக்கு ட்யூசன் கொடுக்கிறேன். பத்து வருசத்துக்கு மேலாக ஒன்லைன் ரோல் பிளேயிங் கேமும் விளையாடுகிறேன். இது இரண்டும் பிள்ளைகளுக்குத் தெரியும். அதனால் வகுப்பு முடிந்து சைக்கிளை எடுக்கிற நேரத்தில் யாராவது ஒருவர் நின்று கேட்பார்: "டீச்சர், என்ட ஆள் அடிக்கிறதெல்லாம் மிஸ் ஆகுது. என்ன செய்ய?" காத்தான்குடியிலிருந்து வருகிற பிள்ளையும் இதைத்தான் கேட்கிறது, களுவாஞ்சிக்குடிப் பிள்ளையும் இதைத்தான் கேட்கிறது. அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

உதாரணங்களை நான் நன்றாக ஆடிய கேம்களிலிருந்து எடுத்திருக்கிறேன்: ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப், பழைய முறை ரக்னரொக் ஒன்லைன், வேர்ல்ட் ஒஃப் வோர்க்ராஃப்ட் கிளாசிக், கொஞ்சம் டியாப்லோ 2. உங்கள் கேம் வேறாக இருந்தாலும் கணக்கின் எலும்பு ஒன்றுதான்.

மிஸ் ஆகுது எண்டா உள்ளுக்குள்ள என்ன நடக்குது?

நீங்கள் தட்டியதும் சேர்வர் இரண்டு எண்களை எடுக்கிறது. ஒன்று உங்கள் குறி: லெவல், ஆயுதம், ஸ்டாட் (ஆளின் பலம், வேகம் போன்றவற்றுக்கான எண்கள்) எல்லாம் சேர்ந்தது. மற்றது எதிரியின் விலகல் அல்லது கவசம். இரண்டையும் ஒரு சூத்திரத்தில் போட்டால் ஒரு சதவீதம் வரும். பிறகு பகடை உருளும். பகடை அந்தச் சதவீதத்துக்குள் விழுந்தால் அடி பட்டது, வெளியே விழுந்தால் மிஸ்.

இந்த முறைக்கு வயது அரை நூற்றாண்டு. 1974இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டில் 20 முகம் உள்ள பகடையை உருட்டி, போனஸைக் கூட்டி, எதிரியின் கவச எண்ணை எட்டுகிறதா என்று பார்ப்பார்கள். போனஸ் 1 கூடினால் வாய்ப்பு 5 சதவீதம் கூடும், ஏனென்றால் 20 முகத்தில் ஒரு முகம் 5 சதவீதம். இன்றைக்கு உங்கள் போனுக்குள் ஓடுகிற கேமும் அந்தப் பகடையின் பேரப்பிள்ளைதான்.

ஆகவே "என்ட ஆளுக்கு ராசியில்லை" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது: உன்ட எண் என்ன, அவன்ட எண் என்ன?

லெவல் 5இல நிக்கிறன். ஹிட் கூட வேணுமெண்டா முதல்ல எதை மாத்த வேணும்?

எதிரியை. இதைக் கேட்டதும் பிள்ளைகளின் முகம் வாடிவிடும், வாள் பெயர் ஒன்றை நான் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். ஆனால் காசும் நேரமும் செலவில்லாத ஒரே வழி இதுதான், பலனும் இதில்தான் அதிகம்.

கல்லடிப் பாலத்தடியில் வீச்சுவலை வீசுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கனநேரம் தண்ணீரைப் பார்த்தபடி நடப்பார்கள். நிற்பார்கள், திரும்ப நடப்பார்கள். வீசுவது கடைசி வேலை. கையில் இருக்கிற வலைக்கு எந்த இடம் சரி என்று பார்ப்பதிலேயே பாதித் தொழில் முடிந்துவிடுகிறது.

லெவல் வித்தியாசம் எவ்வளவு வெட்டும் என்று டியாப்லோ 2 வெளிப்படையாகவே காட்டும். அதன் சூத்திரத்தில் உங்கள் தாக்குதல் எண்ணை எதிரியின் தற்காப்போடு ஒப்பிட்டு ஒரு பின்னம் எடுப்பார்கள். மறுகா அதை இன்னொரு பின்னத்தால் பெருக்குவார்கள்: உங்கள் லெவலின் இரு மடங்கை, இரண்டு பேரின் லெவலையும் கூட்டி வந்த எண்ணால் வகுத்தது. நீங்கள் லெவல் 6, எதிரி லெவல் 12 என்றால் 12ஐ 18ஆல் வகுக்க வேண்டும், அதாவது மூன்றில் இரண்டு. ஆயுதம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு வாசலிலேயே போய்விட்டது. அதே ஆள் லெவல் 6 எதிரியிடம் போனால் அந்தப் பின்னம் 1. ஒன்றும் போகாது.

பெரிய எதிரியைக் கொன்றால் அனுபவப் புள்ளி கூட வரும் என்பது உண்மை. ஆனால் அந்த ஒரு எதிரி சாகிற நேரத்தில் நாலு சின்ன எதிரிகள் செத்திருக்கும், உங்கள் மருந்தும் மிச்சம். கொன்றதற்கு வரும் புள்ளியைப் பார்க்காதீர்கள், நிமிசத்துக்கு வரும் புள்ளியைப் பாருங்கள்.

ரூன்ஸ்கேப்பில கணக்கு எப்பிடிப் போகுது? எண்ணோட சொல்லுங்க டீச்சர்.

இதை எனக்குச் சொல்லிக் கொடுக்க மிகவும் பிடிக்கும். கரும்பலகையில் எழுதக்கூடிய அளவு சின்னக் கணக்கு.

உங்கள் பக்கம்: தாக்குதல் லெவலோடு 8ஐக் கூட்டுங்கள். துல்லியமான ஸ்டைலில் அடித்தால் இன்னும் 3 கூட்டுங்கள். வந்ததை, ஆயுதத்தின் போனஸோடு 64ஐக் கூட்டி வரும் எண்ணால் பெருக்குங்கள். எதிரி பக்கம்: அதன் தற்காப்பு லெவலோடு 9, அதன் தற்காப்பு போனஸோடு 64, இரண்டையும் பெருக்குங்கள்.

புது ஆள் ஒருவர் வெண்கல சிமிட்டரோடு (வளைந்த வாள்) லும்பிரிட்ஜ் என்ற ஊரின் ஆற்றங்கரையில் லெவல் 2 கொப்ளினை (குட்டிப் பூதம்) அடிக்கிறார் என்று வைப்போம். தாக்குதல் லெவல் 1. வெண்கல சிமிட்டரின் வெட்டு போனஸ் 7. துல்லிய ஸ்டைலில் 12 தர 71, வருவது 852. கொப்ளினின் தற்காப்பு லெவல் 1, போனஸ் கழித்தல் 15. 10 தர 49, வருவது 490.

உங்கள் எண் பெரிதாக இருக்கும்போது சூத்திரம் இது: எதிரியின் எண்ணோடு 2ஐக் கூட்டி, அதை உங்கள் எண்ணோடு 1ஐக் கூட்டியதன் இரு மடங்கால் வகுத்து, 1இலிருந்து கழியுங்கள். 492ஐ 1706ஆல் வகுத்தால் 0.29. ஆகவே அடி படும் வாய்ப்பு 71 சதவீதம்.

இப்போது ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அதே ஆள், அதே வாள், ஆனால் பலமாக அடிக்கும் ஸ்டைல். 3 இல்லாமல் போகிறது. 9 தர 71, வருவது 639. வாய்ப்பு 62 சதவீதமாக இறங்கிவிடும். "பலமா அடிச்சா கெதியா சாகும்தானே?" என்று கேட்பார்கள். லெவல் 1 ஆளுக்கு இந்த வாளோடு ஆகக்கூடிய அடி எந்த ஸ்டைலிலும் 1தான். பலத்துக்கான கணக்கைப் போட்டால் ஒன்றில் 1.4 சொச்சம் வரும், மற்றதில் 1.8 வரும். இரண்டும் வெட்டுப்பட்டு 1 ஆகிவிடும். பலமான ஸ்டைல் 'பலம்' என்ற திறனின் லெவலை ஏற்றும், அதற்காக எடுத்தால் சரி. கெதியாகக் கொல்வதற்கென்று எடுத்தால் வாய்ப்பில் 9 சதவீதத்தைச் சும்மா விட்டுக்கொடுக்கிறீர்கள்.

இனி எதிரியை மாற்றுவோம். தற்காப்பு லெவல் 20, போனஸ் 20 உள்ள ஒருவன் என்று வைப்போம். 29 தர 84, 2436. உங்கள் எண் சிறிதாக இருப்பதால் சூத்திரம் மாறும்: உங்கள் எண்ணை, எதிரியின் எண்ணோடு 1ஐக் கூட்டியதன் இரு மடங்கால் வகுக்க வேண்டும். 852ஐ 4874ஆல் வகுத்தால் 17 சதவீதம். கொப்ளினிடம் 71 பட்ட அதே கை, இங்கே 17. ஆள் மாறவில்லை, வாள் மாறவில்லை. இரண்டாவது கேள்விக்கு நான் சொன்ன பதிலுக்கு இதுதான் சாட்சி.

அப்ப அந்த 17ஐ எப்பிடி ஏத்துறது?

வளர்ந்து வந்து. தாக்குதல் லெவல் 20 ஆனதும் மித்ரில் (உருக்கை விட நல்ல உலோகம்) ஆயுதம் எடுக்கலாம். அல் கரிட் நகரில் சீக்கின் கடையில் வெண்கலம், இரும்பு, உருக்கு, மித்ரில் சிமிட்டர்கள் கிடைக்கும். மித்ரில் சிமிட்டரின் வெட்டு போனஸ் 21. 31 தர 85, வருவது 2635. அதே எதிரியிடம் இப்போது 54 சதவீதம்.

அதற்கு மேலே சின்னச் சின்ன உதவிகள் உண்டு. பிரார்த்தனை லெவல் 7இல் திறக்கிற 'தெளிந்த சிந்தனை' என்ற பிரார்த்தனை தாக்குதலை 5 சதவீதம் கூட்டும். லெவல் 20 ஆளுக்கு அது ஒரே ஒரு லெவல்தான், வாய்ப்பு 54இலிருந்து 55க்குப் போகும். உறுப்பினர்கள் (காசு கட்டி ஆடுகிறவர்கள்) குடிக்கிற தாக்குதல் மருந்து லெவலின் 10 சதவீதத்தோடு 3ஐக் கூட்டும். அது 5 லெவல். வாய்ப்பு 60க்கு வரும். சதவீதமாகக் கூட்டுகிற உதவி சின்ன ஆளுக்குச் சின்னது, நேர் எண்ணாகக் கூட்டுகிற உதவி சின்ன ஆளுக்குப் பெரிது. எந்தக் கேமிலும் ஒரு மருந்தையோ மோதிரத்தையோ வாங்க முன் அது எந்த வகை என்று பாருங்கள். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டாலே தொடக்கத்தில் பாதிக் காசு மிச்சம்.

அதோடு வெட்டு, குத்து, நசுக்கு என்று மூன்று விதத்துக்கும் எதிரிக்குத் தனித்தனித் தற்காப்பு இருக்கிறது. ஆயுதத்தின் படத்தைத் தட்டினால் வருகிற நாலு பட்டன் ஏன் இருக்கின்றன என்று எத்தனையோ பேர் பார்ப்பதே இல்லை. இரும்புச் சட்டை போட்டவனுக்கு வெட்டு படவில்லையென்றால் குத்திப் பாருங்கள், அதுவும் இல்லையென்றால் சுத்தியல்.

ரக்னரொக்கில கள்ளன் எடுத்தன். எல்லாப் புள்ளியையும் அஜிலிட்டியில போட்டன். ஒண்டும் படேல்லை.

இது கல்முனையிலிருந்து வந்த பிள்ளை கேட்டது. நானும் முதல் ஆளை இப்படித்தான் வளர்த்தேன், அதனால் அந்த ஏமாற்றம் எனக்கு நன்றாகத் தெரியும். அஜிலிட்டி கூடினால் வேகமாக அடிப்பீர்கள், எதிரியின் அடியிலிருந்தும் விலகுவீர்கள். ஆனால் உங்கள் அடி படுவதற்கு அது உதவாது. அதற்கு உள்ளது டெக்ஸ் என்ற இன்னொரு ஸ்டாட்.

பழைய முறைச் சேர்வரில் கணக்கு மிக எளிது. உங்கள் ஹிட் எண், லெவலும் டெக்ஸும் கூட்டியது, அதோடு சாமான்களின் போனஸ். எதிரியின் விலகல், அதன் லெவலும் அஜிலிட்டியும் கூட்டியது. 80ஓடு உங்கள் ஹிட்டைக் கூட்டி எதிரியின் விலகலைக் கழித்தால் வருவதே சதவீதம். எவ்வளவு கீழே போனாலும் 5 சதவீதம் மிஞ்சும். லெவல் 20, டெக்ஸ் 1 உள்ள கள்ளனுக்கு ஹிட் 21. விலகல் 50 உள்ள எதிரியிடம் 51 சதவீதம், இரண்டுக்கு ஒன்று மிஸ். டெக்ஸை 21க்குக் கொண்டுபோனால் 71.

ஒரு டெக்ஸ் ஒரு சதவீதம் என்பதால் விலையைப் பார்த்து வாங்கலாம். ஒரு ஸ்டாட்டை 11 வரை ஏற்ற ஒவ்வொரு படிக்கும் 2 புள்ளி. அதன் பிறகு 21 வரை 3, அதைத் தாண்டினால் 4, இப்படியே விலை ஏறிக்கொண்டு போகும். எல்லாவற்றையும் அஜிலிட்டியில் குவித்தவர் 40க்கு மேல் போகும்போது ஒரு படிக்கு 6 புள்ளி கொடுக்கிறார். அதே 6 புள்ளிக்கு டெக்ஸில் மூன்று படி வாங்கியிருக்கலாம். சந்தையில் மலிவாகக் கிடக்கும்போது வாங்காமல் விட்டு, பிறகு கூடின விலைக்கு வேறொன்றை வாங்கியது போல.

வில்லாளி எடுத்தவர்களுக்கு இந்தப் பிரச்சினை பெரிதாக வராது. வில்லுக்கு டமேஜே டெக்ஸில்தான் வரும், ஆகவே குறியும் தானாக வளரும். ஔல்ஸ் ஐ திறமையை 10 வரை ஏற்றினால் டெக்ஸ் 10 கூடும், வல்ச்சர்ஸ் ஐ திறமை ஒவ்வொரு லெவலுக்கும் ஹிட்டும் தூரமும் ஒவ்வொன்று கூட்டும். முதல் முறை ஆடுகிற பிள்ளை எந்த வகை ஆளை எடுக்கலாம் என்று கேட்டால் நான் வில்லாளி என்றே சொல்வேன்.

புதுசாக் கோடரி எடுத்தன், பழைய வாளை விட நல்ல கோடரி. ஆனா மிஸ் கூடிப்போச்சு. ஏன்?

வோர்க்ராஃப்ட் கிளாசிக் என்றால் காரணம் ஆயுதத் திறமை. வாள் பழகியவருக்குக் கோடரி பழக்கமில்லை என்று அந்தக் கேம் கணக்கு வைத்திருக்கிறது. ஒவ்வொரு ஆயுத வகைக்கும் தனித் திறமை எண், ஆகக்கூடியது லெவலின் 5 மடங்கு. லெவல் 20இல் வாள் 100 ஆக இருக்கும், புதிதாகக் கற்ற கோடரி 1இல் தொடங்கும். உங்களை விடச் சின்ன எதிரிகளிடம் போய் அரை மணித்தியாலம் அடித்துப் பழகுங்கள், எண் ஏறிவிடும். மனித இனத்துக்கு வாளிலும் தண்டாயுதத்திலும் 5, ஓர்க் இனத்துக்குக் கோடரியில் 5 கூடுதலாகக் கிடைக்கும். ஆளை உருவாக்கும்போதே யோசிக்க வேண்டிய விசயம் இது.

இன்னொன்று, இரண்டு கையிலும் ஆயுதம். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் சம லெவல் எதிரியிடம் ஒரு ஆயுதத்தோடு சாதாரண அடி 5 சதவீதம் மிஸ் ஆகும், இரண்டு ஆயுதத்தோடு அதற்கு மேல் 19 சேர்ந்து 24 ஆகிவிடும். திறமைப் பட்டன் தட்டி அடிக்கிற அடிகளுக்கு இந்த 19 இல்லை. லெவல் குறைந்த போர்வீரனுக்கு ஒரு பெரிய இரு கை ஆயுதமே நல்லது என்று பழைய ஆட்கள் சொல்வது இதனால்தான்.

எங்க நிண்டு அடிக்கிறம் எண்டதும் முக்கியமா?

கிளாசிக்கில் முக்கியம். எதிரிக்குப் பின்னால் நின்றால் அதால் உங்கள் அடியை ஆயுதத்தால் தடுக்கவோ கேடயத்தால் மறிக்கவோ ஏலாது. விலகுவது மட்டும் நடக்கலாம். தனியாக ஆடும்போது எதிரி உங்களைப் பார்த்தே திரும்பும், ஆகவே இது கூட்டமாய்ப் போகும்போது உதவுகிற விசயம்.

மந்திரவாதி எடுத்தா மிஸ் இல்லையாமே?

கேமைப் பொறுத்தது. டியாப்லோ 2இல் பெரும்பாலான மந்திரங்களுக்குத் தாக்குதல் எண்ணே தேவையில்லை. கிளாசிக்கில் மந்திரமும் தவறும்: சம லெவலுக்கு 4 சதவீதம், ஒரு லெவல் கூடினால் 5, இரண்டு கூடினால் 6, மூன்று கூடினால் ஒரேயடியாக 17. இந்தத் தாவலை மனதில் வையுங்கள். உங்களை விட மூன்று லெவல் கூடிய எதிரி மந்திரவாதிக்குப் பாறை. ரூன்ஸ்கேப்பில் இரும்புக் கவசம் போட்டுக்கொண்டு மந்திரம் எறியாதீர்கள், கவசம் மந்திரக் குறியைக் குறைக்கும். அங்கி போடுங்கள், ஒன்றும் இல்லையென்றால் வெறுமனே நில்லுங்கள்.

எங்கட பக்கம் நெட் ஸ்லோ. மழை பெஞ்சா இன்னும் மோசம். அதாலதான் மிஸ் ஆகுதா?

மாரி மழைக்கு லைன் விட்டு விட்டு வருகிற கவலை எனக்கும் உண்டு, வகுப்பை ஒன்லைனில் வைத்த நாட்களில் பட்டிருக்கிறேன். ஆனால் இந்தக் குற்றத்தை நெட்டின் தலையில் போட ஏலாது. மேலே சொன்ன கேம்களில் பகடையை உருட்டுவது சேர்வர். உங்கள் கட்டளை பிந்திப் போனாலும், போய்ச் சேர்ந்த பிறகு உருளுகிற பகடை அதே பகடைதான். ரூன்ஸ்கேப்பில் எல்லாமே 0.6 செக்கனுக்கு ஒருமுறை நடக்கும், சிமிட்டர் அப்படி நாலு துடிப்புக்கு ஒருமுறை, அதாவது 2.4 செக்கனுக்கு ஒரு வெட்டு. அதனால்தான் பொத்துவிலிலிருந்து மொபைல் டேட்டாவில் ஆடுகிறவரும் கஷ்டமில்லாமல் ஆடலாம்.

வேறு வகைக் கேம்கள் இருக்கின்றன. நீங்களே குறிபார்த்துச் சுட வேண்டும், ஓடுகிற எதிரியின் உடம்பில் அம்பு உண்மையாகவே பட வேண்டும் என்கிற வகை. அங்கே நெட் நேராகவே பாதிக்கும். அவற்றில் லெவல் குறைந்த ஆளுக்கு நான் சொல்வது: பக்கத்துச் சேர்வரைத் தேர்ந்தெடுங்கள், எதிரி நின்று அடிக்கிற நேரத்தில் அடியுங்கள், அகலமாய்ப் பரவுகிற திறமைகளை எடுங்கள்.

நாலு தரம் மிஸ் ஆயிட்டு. அஞ்சாவது கட்டாயம் படும்தானே?

இல்லை. 60 சதவீதம் படுகிறவருக்கு அடுத்த அடியும் 60 சதவீதம்தான். பகடைக்கு ஞாபகம் கிடையாது. நாலும் தொடர்ந்து தவறுகிற நிகழ்தகவு 0.4இன் நாலாம் அடுக்கு, 2.56 சதவீதம். அரிது என்று தோன்றும். ஆனால் நீங்கள் ஒரு பின்னேரத்தில் நூற்றுக்கணக்கான தரம் வெட்டுகிறீர்கள். அவ்வளவு வெட்டுக்குள் இப்படி ஒரு தொடர் வராமல் போனால்தான் ஆச்சரியம். படுகிற அடி மனதில் நிற்பதில்லை, உயிர் போகிற நேரத்தில் வந்த நாலு மிஸ் நிற்கிறது.

ஒரு விலக்கைச் சொல்ல வேண்டும். பாத் ஒஃப் எக்ஸைல் போன்ற சில கேம்கள் வெறும் பகடையை விட்டு, தொடர்ந்த மிஸ்களையும் தொடர்ந்த ஹிட்களையும் குறைக்கிற விதமாய்க் கணக்கு வைக்கின்றன. அங்கே இந்த எதிர்பார்ப்பில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதே கேமில் ரெசலூட் டெக்னிக் என்றொரு தெரிவும் உண்டு. அதை எடுத்தால் எதிரி உங்கள் அடியிலிருந்து விலகவே ஏலாது, பதிலுக்கு உங்களுக்குக் கிரிட்டிக்கல் அடி (இடைக்கிடை விழுகிற பெரிய அடி) ஒருநாளும் வராது. குறிக்கென்று சாமான் தேட வசதியில்லாத புது ஆளுக்கு நல்ல பேரம்.

ஹிட்டைக் கூட்டவா, டமேஜைக் கூட்டவா?

இப்போது எங்கே நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 50இலிருந்து 60க்குப் போனால் உங்கள் மொத்த அடி ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. 90இலிருந்து 95க்குப் போனால் கூடுவது பதினெட்டில் ஒரு பங்கு மட்டுமே. 100 உயிருள்ள எதிரி, ஒரு அடிக்கு 10 என்றால் 50 சதவீதத்தில் சராசரியாக 20 வெட்டு, 60இல் ஏறத்தாழ 17, 95இல் பத்தரை. என் வழக்கம்: 80 வரை ஹிட், அதற்கு மேல் டமேஜ். கூட்டத்தில் ஒரு அடி தவறினால் எல்லாரும் சாவோம் என்கிற வேலையில் இருப்பவர், உதாரணத்துக்கு எதிரியின் மந்திரத்தை இடைமறிப்பவர், அவர் மட்டும் கடைசிச் சதவீதம் வரைக்கும் ஏற்ற வேண்டும்.

லக் கூட்டினா ஹிட் கூடுமா? காசு குடுத்து வாங்கிற அதிஷ்டக் கல் உதவுமா?

பழைய ரக்னரொக்கில் லக் 10 கூட்டினால் கிரிட்டிக்கல் வாய்ப்பு 3 சதவீதம் கூடும். கிரிட்டிக்கல் அடி எதிரியின் விலகலைப் பார்க்காமல் படும், ஆகவே ஒரு விதத்தில் உதவி உண்டு. ஆனால் அதே புள்ளியை டெக்ஸில் போட்டால் 10 சதவீதம். லெவல் குறைந்த ஆளுக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

இரண்டாவது கேள்விக்கு என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் தம்பியின் மகன் சித்திரை வருசத்துக்குக் கைவிசேடமாக வந்த காசு முழுவதையும் ஒரு மொபைல் கேமில் அதிஷ்டக் கல் வாங்கக் கொடுத்தான். அவனுடைய ஆளுக்கு அடி படவில்லை, கல் வாங்கினால் படும் என்று நினைத்தான். பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து அந்தக் கல்லின் விளக்கத்தை வரி வரியாக வாசித்தோம். அந்தக் கேமில் அதிஷ்டம் என்பது எதிரி செத்த பிறகு விழுகிற சாமானுக்கு மட்டும். அடிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பிள்ளை அழவில்லை, பேசாமல் போனை மூடி வைத்தான். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. காசு கொடுக்க முன் விளக்கத்தை வாசியுங்கள், விளங்காவிட்டால் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். எண் இல்லாமல் "கூடும்" என்று மட்டும் எழுதியிருந்தால் வாங்காதீர்கள்.

கூட்டாளிமார் நாலு பேர் சேர்ந்து போனா ஹிட் கூடுமா?

கூடும், சரியான ஆட்கள் சேர்ந்தால். ரக்னரொக்கில் ஒரு அகோலைட் (துணைக்கு வருகிற பூசாரி வகை ஆள்) 10ஆம் லெவல் பிளெஸ்ஸிங் என்ற ஆசீர்வாதத்தைப் போட்டால் உங்கள் டெக்ஸ் 10 கூடும், அதாவது 10 சதவீதம் சும்மா கிடைக்கிறது. உறைந்து நிற்கிற, மயங்கி நிற்கிற எதிரியால் விலக ஏலாது, அடித்தால் படும். ஆகவே ஒருவர் உறையவைக்கிறார் என்றால் டெக்ஸ் குறைந்தவர் அந்த நேரத்துக்காகத் தன் பெரிய அடியை வைத்திருக்க வேண்டும். அக்கரைப்பற்றில் இருந்து ஆடுகிற மூன்று ராத்தாமார் எனக்குப் பழக்கம். அவர்கள் பேசிப் பேசி ஆடுகிற அழகே தனி, ஒருவர் "இப்ப!" என்று சொன்ன பிறகுதான் மற்றவர் அடிப்பார். தனித்தனியே பார்த்தால் மூவரின் எண்ணும் சாதாரணம்தான்.

பிள்ளை எந்த நேரமும் இதிலதான் கிடக்கிறான் டீச்சர். படிப்புக்கு இதால என்ன பிரயோசனம்?

ஒரு அம்மா கேட்டது. கேம் படிப்பாகாது, அதை நான் மறைக்கவில்லை. இரவு பத்து மணிக்கு மேல் போனை வாங்கி வையுங்கள் என்றுதான் சொன்னேன். ஆனால் சாதாரண தரக் கணக்கில் நிகழ்தகவுக்கு மர வரிப்படம் கீறச் சொன்னால் விழிக்கிற பிள்ளை, "ரெண்டு வெட்டில ஒண்டாவது பட எவ்வளவு வாய்ப்பு?" என்று கேட்டால் உடனே கீறுகிறான். 60 சதவீதம் என்றால் இரண்டும் தவற 0.16, ஆகவே ஒன்றாவது பட 0.84. அந்த ஆர்வத்தை நான் வகுப்பில் பாவிக்கிறேன்.

நான் ஆடுற கேமில சூத்திரம் ஒண்டும் காட்டுறதில்லை. எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

கொப்பி ஒன்று எடுங்கள். ஒரே எதிரி, ஒரே ஆயுதம், ஒரே ஸ்டைல். பட்டதற்கு ஒரு கோடு, தவறியதற்கு ஒரு கோடு, இரண்டு நிரலில். 100 வெட்டு எண்ணுங்கள். 100இல் 60 பட்டால் உண்மையான வாய்ப்பு 50க்கும் 70க்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்று மட்டுமே சொல்லலாம். டெக்ஸ் கூட்டியதால் 60 என்பது 65 ஆனதா என்று பார்க்க 100 போதாது. 400 எண்ணினாலும் 5 சதவீதம் கூடக் குறைய வரும், 1000 எண்ணினால் அது 3 ஆகக் குறையும். ஆகவே சின்ன மாற்றத்தைச் சோதிக்காதீர்கள், பெரிய மாற்றம் ஒன்றைச் செய்து பாருங்கள்: வாளைக் கழற்றிவிட்டு வெறுங்கையால் 100, பிறகு வாளோடு 100. டெக்ஸ் கூட்டுகிற எல்லாச் சாமானையும் போட்டு 100, கழற்றி 100. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். திகதியையும் லெவலையும் பக்கத்தில் எழுதுங்கள், அப்டேட் வந்தால் எண்கள் மாறும். கொப்பியை வகுப்புக்குக் கொண்டுவந்தால் சேர்ந்து பார்ப்போம்.